மூன்று பலகைப் பாலத்தின் தலைவர்

கூட்டம் என்றாலே நல்லமுத்துவுக்கு ஆகாது. நாலு பேர் ஓரிடத்தில் நின்று பேசுவதைக் கண்டால் மாடுகளை வேறு வழியாக ஓட்டிக்கொண்டு போய்விடுவார். அதனால்தான் அவரைக் கமிட்டித் தலைவராக்கினார்கள்.

பினாங்குத் தீவில் டத்தோ கிராமாட்டுப் பக்கம், தென்னைகளுக்கு நடுவே பலகை வீடுகளாகச் சிதறிக் கிடந்தது கம்பம் என்று நாங்கள் சொல்லும் எங்கள் குடியிருப்பு. அங்கே யாரோடும் மனஸ்தாபம் இல்லாத ஒரே ஆள் அவர். அதற்குக் காரணம் அவருடைய நற்குணம் என்று சொல்ல முடியாது. நல்ல குணம் உள்ளவர்கள் பலர் இருந்தார்கள்; ஆளுக்கு ஆள் பேசிப் பேசியே பகையாகிவிட்டார்கள். நல்லமுத்து பேசியது மாடுகளோடு மட்டும்தான். மாடுகளைத் திட்டும்போது எந்தச் சமூகத்தின் மனமும் புண்பட்டதில்லை.

அவர் பிறந்தது அக்கரையில், சுங்கை பாக்காப்பில் ஒரு கரும்புத் தோட்டத்தில். அப்பா கரும்பு வண்டி ஓட்டியவர். கரும்பை அழித்துவிட்டு ரப்பரை நட்டபோது தோட்டத்தில் எல்லாருக்கும் வேலை கிடைத்தது, மாடுகளுக்குத் தவிர. ரப்பர்ப் பால் வாளியைத் தூக்க மாடு எதற்கு? நல்லமுத்து ஒரு ஜோடி மாட்டையும் வண்டியையும் கட்டுமரத் தெப்பம் போன்ற ஒரு படகில் ஏற்றிக்கொண்டு பினாங்குக்கு வந்து சேர்ந்தார். வழியெல்லாம் மாடுகள் அசை போட்டுக்கொண்டு நின்றன என்றும், இவர்தான் வாந்தி எடுத்தார் என்றும் அவர் மனைவி ஜெயலெட்சுமி சொல்வாள். அவர் மறுத்ததில்லை. மறுப்பதற்கும் பேச வேண்டுமே.

துறைமுகத்திலிருந்து அரிசி மூட்டைகளை சீன முதலாளியான ஒரு தவுக்கேயின் கிட்டங்கிக்கு ஏற்றிச் செல்வது அவர் தொழில். முதல் ஜோடி மாடு கிழமாகிச் செத்து, இரண்டாவது ஜோடியும் நடுவயதைத் தாண்டியது. தொழில் மாறவில்லை. ஒருநாள் தவுக்கேயின் அக்காள் மகனான மருமகன் லோரி ஒன்றைக் கொண்டுவந்து கிட்டங்கி வாசலில் நிறுத்தினான். தவுக்கே இரக்கமுள்ள மனிதர். அதனால் நேரடியாகப் போகச் சொல்லவில்லை. சீனப் பெருநாள் முடிந்து கிட்டங்கி திறக்கும் காலையில், கதவு திறக்கும்போது வாசலில் உன் வண்டி நின்றால் வேலை உனக்கு. ஓட்ட ஆளோடு லோரி நின்றால் லோரிக்கு என்று சொல்லிவிட்டார். லோரி இரவெல்லாம் அங்கேயேதான் நிற்கும் என்பதைச் சொல்லவில்லை. ஆனால் அதைக் கிளப்ப வேண்டிய மருமகன் தாமதமாக எழுபவன். அந்தத் தூக்கத்தை நம்பித்தான் நல்லமுத்துவின் பிழைப்பு நின்றது.

இடையே ஒரு தடங்கல் இருந்தது. கம்பத்தையும் ரோட்டையும் பிரித்துக்கொண்டு ஓர் அகலமான கால்வாய் ஓடியது. அதன்மேல் தென்னந்தடிகளைப் போட்டு எவரோ எப்போதோ ஒரு பாலம் கட்டியிருந்தார். தடிகள் உளுத்துவிட்டன. முதலில் ஒரு ரிக்‌ஷாவின் சக்கரம் உள்ளே போனது. பிறகு நல்லமுத்துவின் செவலை மாட்டின் கால் போனது. தோல் உரிந்ததோடு தப்பியது. வண்டியை ரோட்டிலேயே விட்டு வைக்கலாமென்றால், இராத்திரியில் ரோட்டில் வண்டி நின்றால் சம்மன் வரும்.

பாலத்தை யார் கட்டுவது? கால்வாய் சர்க்காருடையது, பாலம் அல்ல என்றது ஆபீஸ். கம்பத்து நிலத்துக்குச் சொந்தக்காரியான சித்தி ஆயிஷா அம்மாளோ நிலம் தன்னுடையது, தண்ணீர் தன்னுடையது அல்ல, தண்ணீருக்கு மேலே இருப்பதைப் பற்றித் தனக்கு எதுவும் தெரியாது என்று சொல்லி அனுப்பினார். இரண்டும் நியாயமான பதில்கள். நியாயமான இரண்டு பதில்களுக்கு நடுவில்தான் மாட்டின் கால் மாட்டிக்கொள்கிறது.

ஆகவே கம்பத்தார் தாங்களே ஒரு கமிட்டி அமைத்தார்கள். அந்தக் கூட்டத்தன்று செவலைக்கு வயிறு உப்பியிருந்ததால் நல்லமுத்து போகவில்லை. சேதியை ஜெயலெட்சுமி கொண்டுவந்தாள்.

“உங்களத் தலைவராப் போட்டுட்டாங்க.”

“நான்தான் அங்க போகவே இல்லியே?”

“அதனாலதான்லா போட்டாங்க. போயிருந்தா உங்களையும் யாராச்சும் வேணாம்னிருப்பாங்க.”

கமிட்டியில் மற்ற மூவரும் முக்கியமானவர்கள். வேதக்காரர்களுக்காக அந்தோணிராஜ், துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணி. வெள்ளைக்கார ஆபீஸில் எழுதி எழுதிக் கூட்டம் நடத்தும் முறையெல்லாம் கற்றவர், நடத்தத்தான் ஒரு கூட்டம் கிடைக்காமல் இருந்தவர். இந்துக்களுக்காக மண்டோர் பிச்சைமுத்து. ரோடு போடும் ஆட்களுக்கு மேஸ்திரி. ஊரெல்லாம் மேட்டையும் பள்ளத்தையும் சமப்படுத்திய கை அது. முஸ்லிம்களுக்காக மளிகைக் கடை மீரா சாகிப். கடனுக்குச் சாமான் கொடுப்பவர் என்பதால் அவர் சொல்லுக்கு எடை அதிகம்.

கூடுவதற்கு ஒரு நாள் வேண்டும். வெள்ளிக்கிழமை மீரா சாகிப்புக்கு ஆகாது. ஞாயிறு அந்தோணிராஜுக்கு ஆகாது. செவ்வாயில் நல்ல காரியம் தொடங்கக் கூடாது என்றார் பிச்சைமுத்து. புதன்கிழமை மாதா கோயிலில் நவநாள் ஜெபம். வியாழன் மீரா சாகிப்புக்குச் சரக்கு இறங்கும் நாள். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டுப் பிச்சைமுத்து தூங்குவார். மிஞ்சியது திங்கள். திங்கள்தோறும் பிச்சைமுத்து சோமவார விரதம் இருப்பவர். ஆனாலும் பொதுக்காரியத்துக்காக வருவதாக ஒப்புக்கொண்டார். பசித்த வயிற்றோடு வந்து உட்கார்ந்தவர், அடுத்த வாரங்களில் எதற்குமே ஒப்புக்கொள்ளவில்லை.

இந்தக் கமிட்டியில் கை தூக்கிக் கணக்கெடுப்பது கிடையாது. கை தூக்கினால் ஒரு பக்கம் தோற்கும். தோற்ற பக்கம் மறுநாள் மீரா சாகிப்பின் கடைக்கு வராது, அல்லது மீரா சாகிப் கடனுக்குக் கொடுக்க மாட்டார். ஆகவே எல்லாரும் சரி என்றால்தான் சரி. ஒருவர் ‘பார்ப்போம்’ என்றால் அடுத்த திங்கள்.

முதல் திங்கள், பாலம் கல்லா மரமா என்று பேசினார்கள். பார்ப்போம் என்றார்கள். இரண்டாவது திங்கள், மரம் என்றால் என்ன மரம் என்று பேசினார்கள். நல்லமுத்து பொறுக்க முடியாமல் வாயைத் திறந்தார்.

“எந்த மரமா இருந்தாலும் சரி, வண்டி போறதுக்கு மேல்பக்கம்…”

“அண்ணே, தலைவர் பேசக் கூடாது,” என்றார் அந்தோணிராஜ், வெகு மரியாதையாக. “தலைவர்னா நடுநிலைமை.”

“அப்பத் தலைவர் என்னத்துக்கு?”

“பேசறவங்க பேசறதுக்கு.”

“நான் தலைவரா இல்லாட்டிப் பேசலாமா?”

“பேசலாம். ஆனா தலைவரா இல்லாட்டி நீங்க கமிட்டியிலயே இல்லியே அண்ணே.”

பிச்சைமுத்து கொட்டாவி விட்டார். “விடுங்க கிராணியாரே, மாட்டுக்காரர் மனசு நோகப் போவுது.”

“மாட்டுக்காரர்னு சொல்லக் கூடாது மண்டோரே. கூட்டத்துல தலைவர்னுதான் சொல்லணும்.”

“சரி, தலைவர் மனசு நோகப் போவுது. அடுத்த திங்க பாப்போம்.”

கிறிஸ்துமஸ் வந்தது, பொங்கல் வந்தது. ஒவ்வொரு பண்டிகைக்கும் ஒரு திங்கள் கழிந்தது. சீனப் பெருநாள் நெருங்கியது. நல்லமுத்து விடியற்காலையில் மாடுகளை அவிழ்த்து, தடிகளைக் காலால் தட்டித் தட்டிப் பார்த்து, வெறும் வண்டியைத் தானே பின்னாலிருந்து தள்ளிப் பாலத்தைக் கடத்தினார். மனிதனை மாடு இழுப்பது போய் மாட்டு வண்டியை மனிதன் தள்ளுவதைப் பார்த்து ரிக்‌ஷாக்காரர்கள் சிரித்தார்கள்.

மரம் என்று முடிவான பிறகு, அதை யார் கொடுப்பது என்ற கேள்வி வந்தது. கேள்வி என்று சொன்னால் போதாது. கொடுக்க யாரும் தயங்கவில்லை. மூன்று பேரும் தாங்கள்தான் கொடுப்போம் என்றார்கள். ஒருவர் கொடுத்த பாலத்தில் மற்ற இருவரும் காலமெல்லாம் நடப்பதா? அது எப்படி? கடைசியில் ஆளுக்கொரு பலகை என்று ஏற்பாடாயிற்று. கால்வாயின் குறுக்கே மூன்றையும் பக்கம் பக்கமாகப் போட்டுவிடுவது. அன்றுதான் கமிட்டி முதல்முறையாக ‘பார்ப்போம்’ சொல்லாமல் எழுந்தது. எழுந்தவர்களைப் பார்த்து நல்லமுத்து மெல்லக் கேட்டார்.

“பலகை என்ன கனம்?”

மூவரும் திரும்பினார்கள். ஒரு கணம் அங்கே மூன்று மதங்களும் ஒன்றாயின.

“காணிக்கைக்கு அளவு கேக்கலாமா?” என்றார் பிச்சைமுத்து. “கோயில் விளக்குக்கு எண்ணெய் ஊத்தறவன்கிட்ட எத்தினி சொட்டுன்னு கேப்பீங்களா?”

“பள்ளிவாசலுக்குக் குடுக்கறத யாரும் தராசுல வெச்சுப் பாக்கறதில்ல,” என்றார் தராசுக்காரரான மீரா சாகிப்.

“மேலும்,” என்றார் அந்தோணிராஜ், “தலைவர் பேசக் கூடாது.”

சீனப் பெருநாளுக்குக் கிட்டங்கி மூடியதும் நல்லமுத்து மாடுகளை ஜெயலெட்சுமியிடம் விட்டுவிட்டு, சுங்கை பாக்காப்பில் இருந்த தங்கையைப் பார்க்கப் போனார். அந்த நாட்களில்தான் பாலம் உருவானது.

அந்தோணிராஜ் முதலில் கொண்டுவந்தார். செங்கால் மரம், இரும்பு மாதிரி. நாலு விரல் கனம். ஓரத்தில் ஒரு சின்னச் சிலுவை செதுக்கியிருந்தது. பிச்சைமுத்து வந்து பார்த்தார். நல்ல மரம் என்று பாராட்டினார். கையை மேலே வைப்பது போல வைத்து விரலால் அளந்துகொண்டு போனார். மறுநாள் அவருடைய பலகை வந்தது, சந்தனம் குங்குமம் இட்டு. ஒரு சாண் கனம். மீரா சாகிப் வந்தார், மாஷா அல்லாஹ் என்றார், கையால் சாண் வைத்துப் பார்த்தார். துறைமுகத்தில் உடைத்துக்கொண்டிருந்த ஒரு பழைய கப்பலிலிருந்து ஓர் உத்தரத்தை வாங்கி, ஆட்களை வைத்துத் தூக்கி வரச் செய்தார். அது ஒன்றரைச் சாண். பழைய தடிகளை எடுத்துவிட்டு, வந்த வரிசைப்படியே பக்கத்தில் பக்கத்தில் போட்டு, முளையடித்து இறுக்கினார்கள். தேங்காய் உடைத்தார்கள், பாத்திஹா ஓதினார்கள், மாதா கோயில் சாமியார் தண்ணீர் தெளித்தார். எல்லாரும் ஒருவர் பின் ஒருவராக நடந்து பார்த்தார்கள். நடக்கிறவனுக்கு எந்தப் பலகையும் பாலம்தான். அவரவர் அவரவர் பலகைமேல் நடந்தார்கள். அற்புதமான பாலம் என்றார்கள்.

கிட்டங்கி திறப்பதற்கு முந்தின நாள் சாயங்காலம் நல்லமுத்து ஊரிலிருந்து திரும்பினார். பாலத்தின் முன் நின்றார். இடது பக்கம் நாலு விரல். நடுவில் சாண். வலது பக்கம் ஒன்றரைச் சாண். இடது சக்கரம் சிலுவைப் பலகையிலும் வலது சக்கரம் கப்பல் உத்தரத்திலும் ஏறினால் வண்டி எப்படி நிற்கும் என்பதைக் கற்பனை செய்து பார்த்தார். பிறகு வீட்டுக்குப் போய், மரம் செதுக்கும் வாய்ச்சியை எடுத்துக்கொண்டு வந்தார். அதற்குள் சேதி பரவி மூவரும் பாலத்தில் நின்றார்கள்.

“செதுக்கப் போறீங்களா? எதை?” என்றார் மீரா சாகிப்.

“ஒசந்தத.”

“ஒசந்தது என்னுதுதான். அப்ப எனக்குத்தான் வெட்டு.”

“சரி. தாழ்ந்ததுமேல இன்னொரு கட்டயப் போடறேன்.”

“அண்ணே, என் பலகையில என்ன கொறை?” என்றார் அந்தோணிராஜ். “சொல்லுங்க. நாலு பேருக்கு முன்னால சொல்லுங்க.”

நல்லமுத்து பிச்சைமுத்துவைப் பார்த்தார். “மண்டோரே, ஊரு பூரா ரோட்டச் சமமா போட்டவரு நீங்க. நீங்களாச்சும் சொல்லுங்க.”

“ரோடு வேற தலைவரே, காணிக்கை வேற. ரோட்டுல யாருக்கு மரியாதை இருக்கு?”

வாய்ச்சியோடு அவர் திரும்பி நடந்தார். பின்னாலிருந்து “நடுநிலைமை!” என்ற குரல் கேட்டது. அது யாருடையது என்று அவர் பார்க்கவில்லை.

காலையில் மாடுகளைப் பூட்டினார். பாலத்தின் முகப்பில் ஜோடி மாடான கருப்பன் மேலேயும் செவலை கீழேயுமாகக் கால் வைத்தன. நுகத்தடி சரிந்தது, பாரமெல்லாம் செவலையின் கழுத்தில் இறங்கியது. செவலை பின்வாங்கி, மூச்சு விட்டு, நின்றுவிட்டது. தட்டினார், தடவினார், கெஞ்சினார். கருப்பனும் சேர்ந்துகொண்டது. மாடுகள் மட்டும் ஒரே பேச்சில் ஒற்றுமைப்பட்டன.

ஜெயலெட்சுமி வாசலில் நின்று கத்தினாள். “போங்க தலைவரே, போங்க! உங்க பாலத்துலதான, போங்களேன்! மூணு மாசமாத் திங்கக்கெழம திங்கக்கெழம ஒக்காந்து கட்டுன பாலம்! லோரிக்காரன் எந்திரிச்சுப் பல்லு வெளக்கறான் அங்க!”

சத்தம் கேட்டுக் கதவுகள் திறந்தன. துறைமுகத்துக்குக் கிளம்பிய அந்தோணிராஜ் வெள்ளைக் கால்சட்டையோடு வந்தார். அன்று திங்கள் என்பதால் பிச்சைமுத்து வெறும் வயிற்றோடு வந்தார். மீரா சாகிப் கடைச் சாவியோடு வந்தார்.

“என்ன தலைவரே, மாடு பழக்கமில்லியா?” என்று கேட்டார் மீரா சாகிப்.

அதோடு நல்லமுத்துவின் நடுநிலைமை முடிந்தது.

“தலைவராம் தலைவரு!” என்றார். அந்தக் கம்பத்தில் அவர் குரலை அவ்வளவு உரக்க மாடுகளைத் தவிர வேறு யாரும் கேட்டதில்லை. “நான் வாயத் தொறந்தாப் பேசக் கூடாதுன்னீங்க. கனம் கேட்டா காணிக்கைன்னீங்க. பலகையத் தொடக் கூடாது, சரி, தொடல. இப்பப் பலகைய எவன் தொட்டான்? வண்டியத் தொடுங்க! மாட்ட நான் கால்வாயில எறக்கி ஓட்டிட்டுப் போறேன். வண்டிய நீங்க தூக்கிட்டு வாங்க. மூணு பேரும் மூணு பலகையில நடந்து வாங்க. அவங்கவங்க பலகையிலயே நடங்க, யாருக்கும் மரியாதை கொறயாது! ம், தூக்குங்கய்யா!”

ஒருவரும் அசையவில்லை. பிறகு கிராணி தன் கால்சட்டையை முழங்கால் வரை மடித்தார். அவர் தூக்க, மற்றவர்கள் சும்மா நிற்பதா? பிச்சைமுத்து வலது சக்கரத்தைப் பிடித்தார். மீரா சாகிப் சாவியை இடுப்பில் செருகினார். பக்கத்து வீட்டு ஆட்களும் கை கொடுத்தார்கள். நல்லமுத்து கால்வாய்ச் சேற்றில் தொடை வரை இறங்கி மாடுகளை ஓட்ட, தலைக்கு மேலே ஒரு மாட்டு வண்டி மனிதக் கால்களில் கால்வாயைக் கடந்தது.

அவர் போய்ச் சேர்ந்தபோது கிட்டங்கிக் கதவு திறந்திருந்தது. லோரியில் பாதி ஏற்றியாகிவிட்டது. தவுக்கே வண்டிக்காரரின் தொடைச் சேற்றைப் பார்த்தார். மீதிப் பாதியை ஏற்றிக்கொள்ளச் சொன்னார். நாளைக்கும் தாமதமானால் அதுவும் கிடையாது என்றார்.

அன்று மாலை வண்டி திரும்பி வந்து பாலத்தில் நின்றது. தூக்கினார்கள். மறுநாள் காலை தூக்கினார்கள். மாலை தூக்கினார்கள். தூக்குவதை நிறுத்தலாமா என்று யாரும் கேட்கவில்லை. பலகையைச் செதுக்கலாமா என்றும் கேட்கவில்லை. ஒரு வண்டியை வாழ்நாள் முழுக்கத் தூக்கச் சம்மதிக்கும் மூன்று பேர், ஒரு சாண் மரத்தைச் சீவச் சம்மதிக்கவில்லை. ஆனால் அவர்கள் எவ்வளவு சீக்கிரம் வந்து தூக்கினாலும் லோரி முந்திக்கொண்டது. அந்த மருமகனுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, விடியற்காலையில் எழுந்துவிடும் நல்ல பழக்கம் வந்திருந்தது. பாதி மூட்டை கால் பங்காகக் குறைந்தது.

அடுத்த திங்கள் கூட்டத்தில் அந்தோணிராஜ் தோளைத் தடவிக்கொண்டு சொன்னார்: “தலைவரே, ஏதாச்சும் பண்ணுங்க.”

“தலைவர் பேசக் கூடாது.”

“பரவால்ல, பேசுங்க.”

“மூணு பேரும் பேசச் சொன்னாத்தான் பேசுவேன்.”

பிச்சைமுத்து பேசச் சொன்னார். மீரா சாகிப் பார்ப்போம் என்றார். நல்லமுத்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். “அப்ப அடுத்த திங்க பாப்போம். நாளைக்குக் காலையில தூக்க வந்துடுங்க.”

“ஒக்காருங்க, ஒக்காருங்க, பேசுங்க!” என்றார் மீரா சாகிப்.

ஆனால் பேசியது ஜெயலெட்சுமி. டீ கொண்டுவந்தவள், கமிட்டியில் இல்லாதவள். அதனால் அவளை யாரும் எதிர்க்க வேண்டியிருக்கவில்லை.

“ஒண்ண வெட்டுனா அவருக்குக் கொறை, ஒண்ணுல சேத்தா இவருக்குக் கொறை. மூணையும் மண்ணப் போட்டு மூடிட்டா? யாருது பெருசுன்னு எவனுக்குத் தெரியப் போவுது?”

மூவரும் யோசித்தார்கள். தன் பலகை மறைந்துவிடும் என்பது ஒவ்வொருவருக்கும் வருத்தம்தான். மற்ற இருவருடையதும் மறைந்துவிடும் என்பது அதைவிடப் பெரிய ஆறுதல். சரி என்றார்கள். மூன்று பேரும், ஒரே மூச்சில்.

மறுநாளே பிச்சைமுத்து செம்மண் கொண்டுவந்தார். இரண்டு பக்கமும் வரம்பு கட்டி, மண்ணைக் கொட்டி, தன் ஆட்களின் இரும்புத் திமிசுகளால் இடித்தார். குனிந்து, ஒரு கண்ணை மூடி, மட்டம் பார்த்தார். காணிக்கை கண்ணுக்கு மறைந்ததும் அவர் பழையபடி மண்டோராகிவிட்டார். இடது பக்கம் மண் அதிகம், வலது பக்கம் ஒரு படலம்தான். ஆனால் மேலே பார்த்தால் ஒரே ரோடு. ஈரமண்ணின் கீழே மரம் சீக்கிரம் உளுத்துவிடும் என்பது அவருக்குத் தெரியும். அதைச் சொன்னால் இன்னொரு திங்கள் வரும் என்பதும் தெரியும். சொல்லவில்லை.

அதற்கு மறுநாள் விடியலில் கருப்பனும் செவலையும் கால் வைத்துப் பார்த்தன. ஒன்றையொன்று பார்க்காமல் நடந்தன. நுகத்தடி நேராக இருந்தது. நல்லமுத்து பின்னால் தள்ளவில்லை, தூக்கச் சொல்லவில்லை. வண்டியில் உட்கார்ந்தே பாலத்தைக் கடந்தார்.

கிட்டங்கி வாசலில் லோரி பனியில் நனைந்து நின்றது. மருமகன் இன்னும் வரவில்லை. கதவும் திறக்கவில்லை. நல்லமுத்து வண்டியைக் கதவுக்கு நேராக நிறுத்தி, மாடுகளுக்கு வைக்கோல் போட்டுவிட்டு, ஏர்க்காலில் சாய்ந்து உட்கார்ந்தார். உள்ளே தாழ்ப்பாள் இழுபடும் சத்தம் கேட்கும் வரை, அவரிடம் யாரும் எதற்கும் சம்மதம் கேட்கவில்லை.